காரணமில்லாத கறை: டிஜிட்டல் படங்களுக்கு வயதேற்றுவது பற்றி

'கிம்ப்' என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில் 'ஓல்ட் ஃபோட்டோ' என்றொரு ஃபில்டர் உண்டு. இன்று காலை கைபேசியில் எடுத்த படத்தைக் கொடுத்தால், சில நொடிகளில் பாட்டன் காலத்துப் படமாக்கித் தரும். அதற்குமுன் ஒரு சிறு பெட்டி திறந்து நம் விருப்பத்தைக் கேட்கும். கூர்மையைச் சற்றுக் கலைக்கலாமா? ஓரம் எவ்வளவு அகலத்துக்கு வெளிறவேண்டும்? பழுப்பு ஏற்றலாமா? திட்டுத்திட்டாகக் கறை படியலாமா? பழுப்புக்குச் சம்மதம் தந்தால், மென்பொருள் முதலில் நிறங்களைக் களைகிறது. அடுத்து ஒளிக்கும் நிழலுக்குமான வேறுபாட்டைத் தணிக்கிறது. கடைசியாக நிழற்பகுதிகளில் சிவப்பைக் கூட்டி நீலத்தைக் குறைக்கிறது. கறை கேட்டால், தற்போக்கான புள்ளிகளைத் தூவி, அவற்றைக் கலங்கலாக்கி, படத்தின்மேல் தனி அடுக்காகப் பரப்புகிறது.

பழைய படம் என்றால் மங்கலாக இருக்கும், ஓரம் வெளிறியிருக்கும், பழுப்பாக இருக்கும், கறைபட்டிருக்கும் என்ற ஒரு வரையறை இந்த நான்கு கேள்விகளுக்குள் அடங்கியிருக்கிறது. மற்ற மென்பொருள்களும் கைபேசிச் செயலிகளும் இதே பட்டியலைத்தான் கூட்டியும் குறைத்தும் வைத்துக்கொண்டிருக்கின்றன. இந்த வரையறை எங்கிருந்து வந்தது, பழைய படங்களுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். முடிவை முன்பே சொல்லிவிடலாம். உண்மையான பழைய படத்தில் ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் உண்டு. ஆகவே ஒவ்வொரு கறையும் ஒரு தகவல். ஃபில்டர் போடும் கறைக்குக் காரணம் இல்லை. அதில் அழகு இருக்கலாம், தகவல் இருக்காது. படத்தை அலங்காரமாகப் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு பொருட்டல்ல. சான்றாகப் பார்ப்பவருக்கு இதுதான் எல்லாமே.

பழுப்பின் மூன்று பிறப்புகள்

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் உலகெங்கும் பிரிண்ட் போடப் பயன்பட்டது அல்புமென் காகிதம். பிரான்சைச் சேர்ந்த லூயி தெசிரே பிளாங்கார்-எவ்ரார் 1850இல் அறிமுகப்படுத்திய முறை இது. உப்புக் கலந்த முட்டை வெள்ளைக்கருவைக் காகிதத்தில் பூசிக் காயவைத்து, அதன்மேல் வெள்ளி நைட்ரேட்டைப் படியவைப்பார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் இந்தக் காகிதத்துக்குப் பேர்போனது. அங்கிருந்த ஓர் ஆலை 1888ஆம் ஆண்டில் மட்டும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளைச் செலவழித்திருக்கிறது. அல்புமென் படங்கள் பிறக்கும்போதே கறுப்பு வெள்ளை அல்ல; ஊதா கலந்த செம்பழுப்பு. நாளடைவில் அவற்றின் வெளுத்த பகுதிகள் மஞ்சளாகும். வெள்ளைக்கருவிலுள்ள புரதமும் சர்க்கரையும் மெல்ல வினைபுரிவதே அதற்குக் காரணம். ரொட்டியின் மேல்தோல் சிவப்பதும் இதே மெயார் வினையால்தான்.

பழுப்பின் இரண்டாவது பிறப்பு சலவைக் குறையால் வந்தது. ஒளிபடாத வெள்ளி உப்புகளைக் கரைத்து நீக்க ஸ்டூடியோக்காரர்கள் 'ஹைப்போ' கரைசலைப் பயன்படுத்துவார்கள். பிறகு படத்தை ஓடும் நீரில் நெடுநேரம் அலசவேண்டும். அவசரத்தில் அரைகுறையாக அலசினால் காகிதத்தில் தங்கிய ஹைப்போவின் கந்தகம் வெள்ளியைத் தாக்கும். உருவம் மஞ்சளித்துக் கரையும். படங்கள் இப்படி அழிவதைக் கண்டு கவலைப்பட்ட லண்டன் போட்டோகிராஃபிக் சொசைட்டி 1855இல் ஒரு குழுவையே அமைத்தது. விக்டோரியா அரசியின் கணவர் இளவரசர் ஆல்பர்ட் அதற்கு நன்கொடை தந்தார். எஞ்சிய ஹைப்போவும், ஈரக்காற்றோடு சேர்ந்த கந்தக வாயுக்களும்தான் குற்றவாளிகள் என்று அக்குழு அப்போதே சொல்லிவிட்டது.

மூன்றாவது பழுப்பு, வேண்டுமென்றே ஏற்றியது. முடிந்த பிரிண்டைப் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் புரோமைடும் கலந்த கரைசலில் வெளுக்கவைத்து, அழுகிய முட்டை வாடை அடிக்கும் சோடியம் சல்ஃபைடில் முக்கினால் வெள்ளி முழுவதும் வெள்ளி சல்ஃபைடாக மாறிவிடும். கிடைப்பது கதகதப்பான செபியா நிறம். வெள்ளி சல்ஃபைடைக் காற்றிலுள்ள மாசு எளிதில் தாக்காது என்பதால் இப்படிச் செய்த படங்கள் நீண்டநாள் நிற்கும். சரியாக அலசாத படத்தை அழிக்கும் வினையும் இந்த வினையும் விளைவிப்பது ஒரே சேர்மத்தைத்தான். அங்கே அது நோய், இங்கே தடுப்பூசி.

ஃபில்டரின் 'செபியா' இந்த மூன்றையும் ஒன்றாகக் குழைக்கிறது. பிறவி நிறம், சேதம், காப்பு எல்லாம் அதற்கு ஒன்றே. நன்றாகச் செபியா ஏற்றிய படத்தில் நிழல் ஆழமாகவும் ஒளி தெளிவாகவும் நிற்கும். ஃபில்டரோ பழுப்பையும் மங்கலையும் சேர்த்தே தருகிறது. வயதாகாமல் தடுக்கச் செய்த ஏற்பாடு இன்று வயதின் அடையாளமாகிவிட்டது.

மங்கல் பற்றிய நம்பிக்கையும் இப்படித்தான். பெரிய கண்ணாடி நெகட்டிவிலிருந்து அதே அளவில் எடுத்த பிரிண்டை லென்ஸ் வைத்துப் பார்த்தால் சேலைக் கரையின் இழைகூடத் தெரியும். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லினேயஸ் டிரைப், 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து, 21 பிரிண்ட்களை ஒட்டி 19 அடிக்கும் மேல் நீளமான ஒரே காட்சியாக்கினார். அதன் நோக்கமே எழுத்துகளைப் பதிவுசெய்வது. 'பழைய படம்' என்ற பெயரில் நாம் முதலில் தியாகம் செய்வது கூர்மையை. அந்தக் காலத்துப் புகைப்படக்காரர் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியதும் அதைத்தான்.

நிறம் போகும் வழிகள்

வண்ணப் படங்களின் கதை வேறு. சாதாரண வண்ணப் பிரிண்டில் வெள்ளி இல்லை. சயான், மெஜந்தா, மஞ்சள் என்ற மூன்று சாயங்கள்தான் உண்டு. அவை ஒரே வேகத்தில் அழிவதில்லை. 1970களில் போட்ட ஒரு குடும்பப் படத்தின் இரண்டு பிரதிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று சட்டமிட்டு ஜன்னலுக்கு எதிரே மாட்டியது. மற்றது ஆல்பத்தில் மூடி பீரோவில் வைத்தது. வெளிச்சத்தில் இருந்த பிரதியில் மெஜந்தா முதலில் போகும். முகங்கள் நீலமும் பச்சையும் பாரித்து வெளிறும். இருட்டில் இருந்ததில் சயான் முதலில் போகும். படம் செம்மஞ்சளாகும், வெள்ளைச் சட்டை காவியேறும். ஒரே நெகட்டிவ், ஒரே கடை, ஒரே நாள். இருந்தும் இரண்டு படங்களும் எதிரெதிர்த் திசையில் முதுமை அடைகின்றன. பார்த்த மாத்திரத்தில் எது சுவரில் இருந்தது, எது பெட்டியில் இருந்தது என்று சொல்லிவிடலாம்.

சினிமாவிலும் இதுதான் நடந்தது. 'ஈஸ்ட்மென் கலர்' என்று தமிழ்ச் சுவரொட்டிகள் பெருமையாக அச்சிட்ட அந்தப் படச்சுருள் 1950இல் வந்தது. அதன் பழைய பிரதிகளில் சயான் கரைந்துபோக, வானமும் வயலும் செந்நிறமாகத் திரையில் ஓடியதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த அழிவை எதிர்த்து இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸி 1980இல் கையெழுத்து இயக்கமே நடத்தினார். இன்ஸ்டகிராமின் பழைய ஃபில்டர்களில் ஒன்றின் பெயர் '1977'. அது படத்துக்கு ஒரு ரோஜாச் சிவப்பைப் பூசும். 1977இல் அந்தப் படங்கள் அப்படி இருக்கவில்லை. அன்று அவை பளிச்சென்ற வண்ணத்தில் இருந்தன. ஃபில்டர் காட்டுவது 1977ஐ அல்ல, 1977இல் எடுத்த படம் பின்னர் அடைந்த நிலையை.

தமிழ்நாட்டுச் சுவரில் ஒரு படம்

உண்மையான சேதத்தைக் கிட்டத்தில் பார்க்க, ஸ்டூடியோவில் எடுத்துச் சட்டமிட்ட ஒரு கறுப்பு வெள்ளைத் திருமணப் படம் போதும். படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் காட்டினால் இருண்ட ஓரங்களில் நீலம் கலந்த உலோகப் பளபளப்பு தெரியும். காற்றும் ஈரமும் சட்டத்தின் இடுக்கு வழியே நுழைந்து வெள்ளியைக் கரைத்து, அது மேற்பரப்புக்கு வந்து மீண்டும் உலோகமாகப் படிந்த தடம் அது. அதனால்தான் அது நடுவில் குறைந்து விளிம்பில் மிகுந்திருக்கும். கீழ்ப்பகுதியில் படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால், மழைக்காலத்தில் ஜெலட்டின் ஊறிப் பசையாகியிருக்கிறது. பிரித்தால் உருவம் கண்ணாடியோடு வந்துவிடும். ஓரத்தில் ஒழுங்கின்றி அரித்திருந்தால் அது இராமபாணப் பூச்சியின் வேலை. ஜெலட்டினும் மாவுப்பசையும் அதற்கு விருப்பமான தீனி. முகத்தில் மட்டும் சுருக்கமில்லாத வழுவழுப்பு தெரிந்தால் அது சேதமல்ல; நெகட்டிவில் பென்சிலால் செய்த 'டச்சிங்'.

இவை ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் வரலாறு. எந்தச் சுவரில் ஓதம் காத்தது, சட்டம் போட்டவர் பின்னால் அட்டை வைத்தாரா, ஸ்டூடியோவில் எவ்வளவு நேரம் அலசினார்கள் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழகத்துப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களையும் கண்ணாடி நெகட்டிவ்களையும் தேடி டிஜிட்டலாக்கியிருக்கிறது. வெப்பம், ஈரம், பூச்சி ஆகியவற்றோடு, வெள்ளிக்காகவும் கண்ணாடிக்காகவும் நெகட்டிவ்கள் விலைபோனதும் இங்கே பேரழிவாக இருந்திருக்கிறது. அப்படிப்பட்ட சேகரத்தில் ஒரு கறையை அழிக்கும்முன் ஆவணக்காப்பாளர் யோசிப்பார். படத்தைப் போலவே கறையும் அவருக்கு ஆவணம்.

பிளாஸ்டிக் கேமராவின் பொய்யான பூர்வீகம்

கைபேசிப் படங்களுக்கு வயதேற்றும் மோகம் 2009ஆம் ஆண்டின் கடைசியில் வந்த 'ஹிப்ஸ்டமாட்டிக்' செயலியோடு பெருகியது. மலிவான பிளாஸ்டிக் கேமராவின் ஒளிக்கசிவு, இருண்ட மூலைகள், திரிந்த நிறம் ஆகியவற்றை அது தானாகவே தந்தது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இரு சகோதரர்கள் தயாரித்த ஒரு கேமராவின் மறுபிறவி என்று ஒரு பூர்வீகக் கதையும் செயலிக்குச் சொல்லப்பட்டது. அந்தச் சகோதரர்களும் கேமராவும் கற்பனை என்று பிறகு வெளியானது. படத்துக்கு ஏற்றிய பொய்யான வயதை, செயலிக்கு ஏற்றிய பொய்யான வரலாறு தாங்கி நின்றது.

2010 அக்டோபரில் இன்ஸ்டகிராம் வந்தது. அதன் நிறுவனர்களில் ஒருவரான கெவின் சிஸ்ட்ரோம், மாணவராக ஃபுளோரன்சில் இருந்தபோது ஆசிரியர் கைகாட்டிய 'ஹோல்கா' என்ற பிளாஸ்டிக் கேமராவில் சதுரப் படங்கள் எடுத்துப் பழகியவர். 1980களின் தொடக்கத்தில் ஹாங்காங்கில் பிறந்த ஹோல்கா, விலை மலிவாக இருக்கவேண்டும் என்பதற்காகவே குறைகளோடு உருவானது. அதன் குறைகள் ஃபில்டர்களுக்கு இலக்கணமாயின. இதில் ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. அன்றைய கைபேசிக் கேமராக்கள் சுமார் ரகம். மங்கிய வெளிச்சத்தில் புள்ளியடித்தன. அந்தக் குறையை மறைக்க எளிய வழி, அதைவிடப் பெரிய, ஆனால் வேண்டுமென்றே செய்ததாகத் தோன்றும் குறையை மேலே போடுவதுதான். அடையாளம் தெரியாத பழுது, அடையாளம் தெரிந்த பழமைக்குள் ஒளிந்துகொண்டது.

அலங்காரமாக இருந்தவரை யாருக்கும் வழக்கில்லை. நியூயார்க் டைம்ஸ் புகைப்படக்காரர் டேமன் வின்டர் 2010இல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படைவீரர்களை ஹிப்ஸ்டமாட்டிக்கில் எடுத்த படங்கள், அடுத்த ஆண்டு ஒரு சர்வதேசப் பத்திரிகைப் படப் போட்டியில் மூன்றாம் பரிசு பெற்றபோது சர்ச்சை வெடித்தது. அவர் படத்தில் எதையும் சேர்க்கவில்லை, நீக்கவில்லை. ஆனால் நடந்துகொண்டிருந்த போர் அப்போதே முடிந்துபோன நினைவைப்போலத் தோன்றியது. கறுப்பு வெள்ளையில் எடுப்பதும் ஒரு தேர்வுதானே என்ற பதிலில் நியாயம் உண்டு. எனினும் ஒரு வேறுபாடு இருக்கிறது. கறுப்பு வெள்ளை, 'நான் இப்படிப் பார்த்தேன்' என்று சொல்கிறது. வயதேற்றிய படம், 'இது எப்போதோ நடந்தது' என்று சொல்கிறது. முதலாவது பார்வையைப் பற்றிய கூற்று, இரண்டாவது காலத்தைப் பற்றியது. செய்திப் படத்தில் காலம்தான் முதல் தகவல்.

கறை சாட்சி சொல்லும்போது

குழந்தைத் தொழிலாளர்களைப் படமெடுத்துப் புகழ்பெற்ற லூயிஸ் ஹைன் 1940இல் இறந்தார். அவர் வாழ்ந்த காலத்திலேயே போட்டவை என்று பெருவிலைக்கு விற்ற சில பிரிண்ட்கள் மீது 1990களின் இறுதியில் ஐயம் எழுந்தது. பார்வைக்குப் பழையனவாகவே இருந்த அவற்றைப் புறஊதா விளக்கின் கீழ் வைத்தபோது காகிதம் நீலமாக ஒளிர்ந்தது. சலவைத்தூளில் சேர்க்கும் வகையைச் சேர்ந்த வெண்மையூட்டிகள் புகைப்படக் காகிதத்தில் 1950களில்தான் வழக்கத்துக்கு வந்தவை. இறந்தவர் அந்தக் காகிதத்தைத் தொட்டிருக்க முடியாது. இந்த ஆய்வில் பங்குபெற்ற காப்பியல் வல்லுநர் பால் மெசியர் சேகரித்த ஆயிரக்கணக்கான பழைய காகித மாதிரிகள் இப்போது யேல் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கருவியாக இருக்கின்றன.

பொருளாக இருந்த படத்தை இப்படிக் குறுக்கு விசாரணை செய்யமுடிந்தது. கோப்பாக இருக்கும் படத்தில் விசாரிக்கக் காகிதம் இல்லை. ஜெர்மானியக் கலைஞர் போரிஸ் எல்டாக்சன் 2023இல் சோனி உலகப் புகைப்படப் போட்டிக்கு அனுப்பிய படம், 1940களின் பாணியில் பழுப்பேறிய இரு பெண்களின் உருவப்படம். அதற்குப் பரிசு கிடைத்ததும், அது செயற்கை நுண்ணறிவு உருவாக்கியது என்று கூறிப் பரிசை ஏற்க மறுத்தார். நடக்காத காலத்துக்கு ஒரு நினைவைத் தயாரிப்பது எவ்வளவு எளிது என்று காட்டினார். பழுப்பும் மங்கலும் அங்கே இரட்டை வேலை செய்கின்றன: பழமையைச் சொல்கின்றன, கூடவே, கூர்ந்து பார்த்தால் பிடிபடக்கூடிய தவறுகளையும் மறைக்கின்றன. இணையத்தில் சுற்றும் 'அரிய வரலாற்றுப் படம்' ஒன்றைக் காணும்போது, அதன் பழுப்பை நம்புவதற்கான காரணமாக எடுத்துக்கொள்ளாமல் கேள்வி கேட்பதற்கான காரணமாக எடுத்துக்கொள்வதே இன்றைய நிலையில் பொருத்தம்.

இயந்திரம் கண்டுகொண்ட வேறுபாடு

பொய்யான முதுமைக்கும் மெய்யான முதுமைக்கும் இடைவெளி உண்டு என்பதற்கு எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு சான்று. பழைய படங்களைச் செப்பனிடும் முறை ஒன்றை மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்களும் ஹாங்காங் சிட்டி பல்கலைக்கழகத்தாரும் 2020இல் வெளியிட்டார்கள். இப்படி ஒரு நிரலைப் பயிற்றுவிக்க, சேதமான படமும் அதே படத்தின் சேதமாகாத வடிவமும் இணை இணையாக வேண்டும். நூறாண்டுப் படத்துக்கு அந்த இணை எங்கே கிடைக்கும்? ஆகவே புதிய படங்களுக்கு அவர்கள் வயதேற்றினார்கள். மங்கலாக்கினார்கள், புள்ளி தூவினார்கள். 62 கீறல் மாதிரிகளையும் 55 காகித மாதிரிகளையும் நெளித்தும் வளைத்தும் மேலே படியவைத்தார்கள். நாம் விளையாட்டாகச் செய்வதை அவர்கள் பெருமளவில் செய்தார்கள் என்றே சொல்லலாம்.

அதை மட்டும் பார்த்துப் படித்த நிரல், செயற்கைச் சேதத்தை நன்றாக நீக்கியது. மெய்யான பழைய படத்தைக் கண்டால் தடுமாறியது. ஏனெனில் மெய்யான படத்தில் மங்கலும் கீறலும் நிறமாற்றமும் ஒன்றையொன்று சார்ந்து வளர்ந்தவை. செயற்கைப் படத்தில் அவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை. ஆய்வாளர்கள் 5,700க்கும் மேற்பட்ட உண்மையான பழைய படங்களைச் சேர்த்து, இருவகைச் சேதங்களையும் ஒரே கணிதவெளிக்குள் கொண்டுவந்து அந்த இடைவெளியைக் குறைத்தார்கள். காரணத்தோடு வந்த கறையும் காரணமின்றி வந்த கறையும் வேறு என்பது ரசனை சார்ந்த பேச்சு அல்ல, அளந்து காணக்கூடிய ஒன்று என்பதே இதன் பொருள்.

கோப்புக்கும் வயதாகும்

டிஜிட்டல் படத்துக்கு முதுமையே இல்லை, அதனால்தான் அதற்கு முதுமையைக் கடன் வாங்குகிறோம் என்று சொல்வதுண்டு. இது பாதி உண்மை. சும்மா கிடக்கும் கோப்பு மங்காது. வன்தட்டு செத்தால் முழுவதும் போகும். ஆனால் கைமாறும் கோப்பு தேய்கிறது. 1992இல் தரப்படுத்திய ஜேபெக் முறை, படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாக்கி, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிடுகிறது. ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் மீண்டும் கழிக்கிறது. சாதாரணமாக வாட்ஸ்அப்பில் அனுப்பும் படம் சுருங்குகிறது; எடுத்த நாள், நேரம், கேமரா ஆகிய விவரங்களும் உதிர்ந்துவிடுகின்றன. உறவினர் குழுக்களில் பல கை மாறிவந்த தாத்தாவின் படத்தில் காணும் கட்டம்கட்டமான கலங்கலும், எழுத்தைச் சுற்றிய நடுக்கமும் நம் காலத்தின் மெய்யான தேய்மானம். கலைஞரும் கட்டுரையாளருமான ஹிட்டோ ஸ்டெயர்ல் 2009இலேயே இத்தகைய 'ஏழைப் படங்கள்' சார்பாக வாதாடினார். எத்தனை பேர் கையில் புழங்கியது என்ற வரலாற்றை அந்தத் தேய்மானம் சுமந்துவருகிறது என்பது அதில் முக்கியமானது.

இன்று இளைஞர்கள் 2000களின் தொடக்கத்தில் வந்த சிறு டிஜிட்டல் கேமராக்களைத் தேடி வாங்குகிறார்கள். அந்த வெளுத்த ஃபிளாஷும் மூலையில் அச்சான தேதியும் அவர்களுக்குப் பழமை. செபியா அவர்கள் நினைவில் இல்லை. ஒவ்வொரு தலைமுறையும் தனக்குமுன் வந்த கருவியின் குறையைத்தான் பழமை என்று கொண்டாடுகிறது.

ஆகவே படத்துக்கு வயதேற்றாதீர்கள் என்று யாரையும் தடுக்கவேண்டியதில்லை. ஆனால் மூலக் கோப்பைத் தொடாமல் ஒதுக்கி, நகலில்தான் அதைச் செய்யவேண்டும். யார், எங்கே, எந்த நாள் என்ற விவரத்தைக் கோப்பிலேயே எழுதிவைக்கவேண்டும். பழுப்பை எந்நாளும் ஏற்றிக்கொள்ளலாம். விடுபட்ட பெயரையும் தேதியையும் பிறகு யாராலும் ஏற்றமுடியாது. ஆவணக்காப்பாளர்களுக்கு இன்னொரு வேலையும் காத்திருக்கிறது. சதுரச் சட்டமும் ரோஜாச் சிவப்பும் பூசிய படம் ஒன்று கையில் கிடைத்தால், அது 1970களைச் சேர்ந்ததல்ல, அநேகமாக 2010ஐ ஒட்டிய சில ஆண்டுகளைச் சேர்ந்தது என்று இன்றே நம்மால் கணிக்கமுடிகிறது. எந்தச் செயலி, எந்த ஃபில்டர், அதன் எந்தப் பதிப்பு என்ற பட்டியலை இப்போதே தொகுத்துவைத்தால், காரணமில்லாமல் போட்ட அந்தக் கறைகளைக் கொண்டே வருங்கால ஆய்வாளர் நம் படங்களுக்குத் தேதியிடுவார்.